பேரிங்கின் முதுகில் இருந்த வளையம்

என் மனைவி தன் கையால் பொருத்திய ஒரு பேரிங்கை, அவளுக்குத் தெரியாமல் நான் அடித்து வெளியே எடுத்தேன். இது வெகுகாலத்துக்கு முன்பு நடந்ததல்ல. போன மழைக்காலம் முடிந்து, பாலாற்றில் கொஞ்சம் தண்ணீர் இன்னும் தேங்கி நின்ற சமயம். வயதானவன் செய்த தவறு என்று இதைத் தள்ளிவிட முடியாது. நல்ல நினைவோடு, நல்ல வெளிச்சத்தில், படித்த படிப்பையெல்லாம் கூட வைத்துக்கொண்டு செய்தேன்.

கார் அவளுடைய அப்பாவுடையது. உருண்டை மூக்கும் சோபா போன்ற சீட்டும் கொண்ட, ஒரு காலத்தில் டாக்டரிலிருந்து மந்திரிவரை எல்லோரும் வைத்திருந்த கார்தான். பாகாயத்தில் எங்கள் வீட்டை ஒட்டித் தகரக் கூரைக்குக் கீழே நிற்கும். அதை எப்போதும் ஓட்டுபவள் அவள். எனக்கு அந்த கியர் பிடிபட்டதே இல்லை. எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரிகிற சிவப்பு விளக்கு, வண்டி சூடானதும் அணைய மறுத்தது. அத்தோடு இன்ஜினில் ஒரு தட்டல் சத்தம். இறக்கிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்து, ஆம்பூரில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பாயிடம் இன்ஜினைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

பாயின் பட்டறை உண்மையில் கார்களுக்கானது அல்ல. தோல் ஷெட்டுகளில் தோலைப் போட்டுச் சுற்றுகிற பெரிய மர டிரம்களின் அச்சு, பல்சக்கரம், பேரிங் எல்லாம் அங்கே பழுதுபார்க்க வரும். எங்களோடு அவருக்குப் பல வருஷப் பழக்கம். அவருடைய அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது தியேட்டரில் நர்ஸாக இருந்தவள் என் மனைவி. அதிலிருந்து அவருக்கு அவள் ‘சிஸ்டர்’, நான் ‘சார்’. நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன்.

இன்ஜினைப் பிரித்ததும் தெரிந்தது, கேம்ஷாஃப்ட் பேரிங் மூன்றும் தேய்ந்துபோயிருந்தன. பாய் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வளையல் போல ஒரு வளையம். வெளியே இரும்பு, உள்ளே வெள்ளை உலோகப் பூச்சு. பூச்சு இருந்த இடத்தில் பல இடங்களில் செம்பு நிறம் தெரிந்தது.

வேலைக்காலம் முழுவதும் கரும்பலகையில் நான் வரைந்த பாகம் இது. ஆனாலும் அன்று அதைக் கையில் வைத்திருந்தபோது ஏதோ ஒரு பயபக்தி வந்தது. இன்ஜினின் வயிற்றுக்குள் நீளவாக்கில் ஒரு தண்டு ஓடுகிறது. அதில் முட்டை வடிவில் மேடுகள். தண்டு சுற்றும்போது ஒவ்வொரு மேடும் தன் முறை வரும்போது எழுந்து ஒரு வால்வைத் திறந்துவிட்டு இறங்கும். அப்படித்தான் இன்ஜின் மூச்சு விடுகிறது. அந்தத் தண்டு இந்த மூன்று வளையங்களுக்குள் படுத்திருக்கிறது. ஓட ஆரம்பித்துவிட்டால் படுத்திருப்பதும் இல்லை. தண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே தலைமயிரைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் புகுந்து தண்டைத் தூக்கிவிடும். இரும்பு இரும்பைத் தொடாமல் மிதந்தபடி பல வருஷம் சுற்றும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. வண்டி வைத்திருக்கிறவருக்குத் தன் வண்டிக்குள் அப்படி ஒன்று மிதக்கிறது என்றுகூடத் தெரியாது.

அந்த எண்ணெய் வருவதற்கு ஒவ்வொரு வளையத்திலும் ஒரு துளை உண்டு. இன்ஜின் பிளாக்கில் குடைந்திருக்கும் எண்ணெய் வழிக்கு நேராக அந்தத் துளை உட்கார வேண்டும். வளையம் இறுக்கமாக ஏறுவதால், ஒருமுறை அடித்து ஏற்றிவிட்டால் திருப்ப முடியாது. வெளியே எடுத்தால் கீறல் விழுந்துவிடும், மறுபடி போட முடியாது. மூன்றில் பின்பக்கத்து வளையம்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. இன்ஜினின் மேல்பாகம் முழுவதற்கும் எண்ணெய் அதைத் தாண்டித்தான் ஏற வேண்டும்.

வீடு திரும்பும் பஸ்ஸில் இதையெல்லாம் அவளிடம் விளக்கிக்கொண்டு வந்தேன். மாதனூர் தாண்டும்வரை கேட்டுக்கொண்டே வந்தவள், “அத நான் போடுறேங்க” என்றாள்.

“நீயா?”

“ஏன், நீங்க போர்டுல படம் போட்டதத் தவிர என்னைக்காவது போட்டிருக்கீங்களா?”

போட்டதில்லை.

“உள்ள கைய விட்டு, கண்ணுக்குச் சரியாத் தெரியாத எடத்துல செய்யற வேல. அது எனக்குப் பழக்கம். மத்ததெல்லாம் நீங்களும் பாயும் பாத்துக்குங்க. இந்த மூணு மட்டும் எனக்கு விட்டுடுங்க.” கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள், “இந்தக் கை இன்னும் எவ்ளோ நாளைக்குன்னு தெரியல.”

அவளுக்கு வலது கையில் நடுக்கம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மடியில் சும்மா கிடக்கும்போது ஆடும். எதையாவது பிடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். நாளாக ஆக இது அதிகமாகத்தான் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேட்டுவிட்டு வந்த அன்று அவள் அழவில்லை. வெங்காயத்தை மிகப் பொடியாக அரிந்து ஒரு பாத்திரம் நிறைய வைத்தாள். அன்றைக்கு வெங்காயத்துக்கு வேலையே இல்லை.

அவள் போடப் போகிறாள் என்றதும் பாய் சிரிக்கவில்லை. தேக்கில் ஒரு உருளை கடைந்து, அதன்மேல் மெல்லிய ஆட்டுத்தோலைச் சுற்றி ஒட்டிக் கொடுத்தார். பேரிங் வளையத்தை அந்த உருளைமேல் செருகினால் தோல் கவ்விப் பிடித்துக்கொள்ளும். உருளையின் பின்னால் ஒரு இரும்புக் கம்பி. கம்பியின் தலையில் தட்டத் தட்ட வளையம் பிளாக்குக்குள் நேராக ஏறும்.

“வேற ஊர்ல இதுக்கு இரும்புல டூல் வெச்சிருப்பான் சார்” என்றார் பாய். “நமக்கு எல்லாத்துக்கும் தோல்தான். எங்க வூட்ல கொழா ஒழுவினாக்கூட எங்க அத்தா தோல வெட்டித்தான் வாஷர் போடுவாரு. ஒண்ணு மட்டும், சிஸ்டர். தோலு காஞ்சே இருக்கணும். காஞ்ச தோலு விடாது.”

வேலை ஒரு வெள்ளிக்கிழமை காலை நடந்தது. முந்தின நாளே புதுப் பேரிங்குகளை அவள் ஃப்ரீஸரில், மீன் துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். குளிர்ந்தால் இம்மியளவு சுருங்கும், ஏறுவது சுலபம் என்று நான் சொல்லியிருந்தேன். ஐஸ் போட்ட டிபன் கேரியரில் அவற்றைக் கொண்டுவந்தோம். பட்டறைக்குள் நுழைந்ததும் பாய் மூடியைத் திறந்து பார்த்து, “வஞ்சிரம் வாசன வருது சிஸ்டர். இன்ஜினு இனிமே தண்ணில ஓடும்” என்றார்.

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள், தியேட்டருக்குள் போகிறவர்கள் கழுவுவதுபோல, விரல்நுனி மேலே இருக்கும்படி. பாயின் ஆட்கள் டிரம் அச்சு ஒன்றைக் கடைவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தையல் சுண்ணாம்பால் உருளையிலிருந்து கம்பியின் முனைவரை ஒரு நேர்கோடு இழுத்தாள். வளையத்தின் துளை அந்தக் கோட்டில் வரும்படி செருகினாள். வளையம் உள்ளே போய்க் கண்ணுக்கு மறைந்தாலும் கம்பியின் மேலுள்ள கோடு துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிவிடும். நான் சொல்லிக் கொடுத்ததல்ல அது. நானே அப்படி யோசித்திருக்கமாட்டேன்.

தோல் சுத்தியலை எடுத்தபோது கை ஆடியது. கம்பியின் தலையில் வைத்ததும் நின்றது. தட்டினாள். முதலில் மந்தமான சத்தம். வளையம் ஏற ஏறச் சத்தம் கூர்மையாகிக்கொண்டே போய், கடைசித் தட்டலில் பிளாக் முழுவதும் ஒன்றாக ஒலித்தது. நடு வளையம் அப்படி ஏறியது, முன் வளையமும் ஏறியது. பின்பக்கத்து வளையத்தைப் போடும்போது மட்டும் இடையில் ஒருமுறை நிறுத்தினாள். கை மறுபடி ஆடத் தொடங்கியிருந்தது. மணிக்கட்டைப் பிளாக்கின் விளிம்பில் அழுத்திவைத்துக் கண்ணை மூடிக் காத்திருந்தாள். பிறகு மெதுவாகத் தட்டி முடித்தாள்.

ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது. பாயும் அவருடைய ஆட்களும் பள்ளிவாசலுக்குக் கிளம்பினார்கள். “சிஸ்டர், வூட்ல உங்களுக்காக அடுப்பு மூட்டியாச்சு. நீங்க போங்க. சார் கடயப் பாத்துக்குவாரு. வந்ததும் நான் அவரக் கூட்டிக்கிட்டு வர்றேன்” என்றார் பாய். அவள் தெருவைக் கடந்து பாய் வீட்டுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

பட்டறையில் நான் மட்டும் இருந்தேன். அந்த இடைநிறுத்தம் மனதில் நமநமத்துக்கொண்டிருந்தது. விளக்கை எடுத்துக்கொண்டு பிளாக்கின் பின்பக்கம் குனிந்து பார்த்தேன். துளை முழு வட்டமாகத் தெரியவில்லை. ஒரு பக்கம் பிறைபோல் மறைந்திருந்தது.

எந்தத் துளையையும் சாய்வாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த விஷயம். ஒரு கம்பியை உள்ளே விட்டுப் பார்த்திருந்தால் போதும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டிருந்தாலும் போதும். எதையும் செய்யவில்லை. நடுங்குகிற கை போட்டது தவறாகத்தான் இருக்கும் என்று, விளக்கை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன். இதுதான் நான் சொல்ல வேண்டியது. மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வந்தவை.

முன்பக்கத்திலிருந்து நீளக் கம்பியை விட்டு அடித்தேன். வளையம் பின்பக்கமாகத் தரையில் விழுந்து உருண்டது. எடுத்துத் துடைத்துத் திருப்பினேன்.

பிளாக்கின் எண்ணெய் வழி அதன் வெளிமுதுகில் பதிந்திருந்தது. இறுக்கத்தில் அந்த வழியின் விளிம்பு, இரும்பின் மேல் மெல்லிய ஒரு வளையத்தை அழுத்திவிட்டிருந்தது. பேரிங்கின் துளை அந்த வளையத்துக்குச் சரியாக நடுவில் இருந்தது. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் நடுவில். குழந்தையின் கண்மணி வெள்ளைக்கு நடுவே இருப்பதுபோல இருந்தது. அவள் அந்த ஆழத்தில், பார்க்காமல், ஆடுகிற கையால் இதைச் செய்திருக்கிறாள். பட்டறை வாசலில் ஒரு லாரி பாதி பதனிட்ட நீலத் தோல்களை ஏற்றிக்கொண்டு போனது. அது போய் வெகுநேரம்வரை நான் அந்த இரும்புத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகான ஒன்றை அதற்கு முன் நான் கையில் பிடித்ததில்லை. அதைக் கெடுத்தவனும் நான்தான்.

பாயின் அலமாரியில் இதே இன்ஜினுக்கான உபரி செட் ஒன்று இருந்தது தெரியும். அதிலிருந்து பின் வளையத்தை எடுத்தேன். பள்ளிவாசலில் தொழுகை முடிவதற்குள் போட்டுவிட வேண்டும். சுலபமாக ஏறட்டும் என்று வளையத்தின் மேலும் உருளையின் மேலும் தாராளமாக எண்ணெய் தடவினேன். உராய்வைக் குறைக்க எண்ணெய்; என் படிப்பு அப்படித்தான் சொன்னது. காய்ந்த தோல்தான் கவ்வும் என்று பாய் சொன்னது காதில் விழுந்திருந்தது, மனதில் விழவில்லை. தட்டத் தட்ட, எண்ணெய் குடித்த தோலின் மேல் வளையம் வழுக்கிக் கொஞ்சம் சுழன்றுவிட்டது. கோடு நேராகத்தான் நின்றது. வளையம்தான் கோட்டோடு இல்லை. அதை நான் கவனிக்கவில்லை.

அவர்கள் திரும்பினார்கள். நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பிரியாணியின் ருசி ஞாபகம் இல்லை.

பிற்பகலில் அவள் எண்ணெய்க் குப்பியை எடுத்தாள். பிளாக்கைக் கவிழ்த்துவைத்து எண்ணெய் வழிகளில் ஒவ்வொன்றாக அழுத்தி விட்டாள். முன் வளையத்தில் எண்ணெய் பொங்கிக்கொண்டு வந்தது. நடு வளையத்திலும் அப்படியே. பின்பக்கம் வந்தபோது ஒன்றும் வரவில்லை. இன்னும் அழுத்தினாள். ஓரத்தில் ஒரு மெல்லிய கசிவு, அவ்வளவுதான்.

அவள் விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தாள்.

“முக்காவாசி அடச்சிட்டிருக்கு” என்றாள்.

“பேஜாராவாதீங்க சிஸ்டர். ஒண்ணுதான. அடிச்சு எடுத்துட்டு வேற போட்டுக்கலாம், எங்கிட்ட ஒரு செட்டு இருக்குது” என்று பாய் அலமாரியைத் திறந்தார். பெட்டிக்குள் பார்த்தார். பெட்டியை மூடினார். திரும்பி என்னைப் பார்த்தார், உடனே வேறு பக்கம் பார்த்தார். “இங்கதான் எங்கியோ இருக்கும். தேடி வெக்கிறேன். இன்னிக்கு வேணாம்.”

அவள் வலது கையை மடியில் வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஆடிக்கொண்டிருந்தது.

“நடுவுல ஒருவாட்டி ஆடிச்சு. நின்னுடுச்சுன்னு நெனச்சேன்” என்றாள். “சரியாப் போட்டேன்னுதான் எனக்குத் தோணிச்சு, பாய். அவ்ளோ நிச்சயமாத் தோணிச்சு. அதான் பயமா இருக்கு.”

நான் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். வாய் திறந்தேன், “வயசாயிடுச்சு இல்ல, பரவால்ல விடு” என்று சொன்னேன்.

அதன்பின் வந்த நாட்களை எழுதுவது கஷ்டம். தன் கை தப்பாகச் செய்தது அவளை அவ்வளவு வாட்டவில்லை. தப்பு நடந்தது தெரியாமல் கை தன்னை ஏமாற்றிவிட்டதாக நம்பினாள். காய் அரிவதை விட்டாள். இரவு போட வேண்டிய மாத்திரைகளை என்னிடம் நீட்டி, “நீங்களே எடுத்துக் குடுங்க” என்றாள். ஜாக்கெட் கொக்கியைத் தானே மாட்டிக்கொண்டு, பிறகு கண்ணாடியில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கார் சாவியை ஆணியிலிருந்து எடுத்து என் மேஜை டிராயரில் போட்டாள். கேட்டதற்கு, “வண்டி ரெடியானா யாருக்காச்சும் குடுத்துடலாம். நீங்களும் ஓட்ட மாட்டீங்க” என்றாள். பேசும்போது குரலில் கோபமோ துக்கமோ இல்லை. நோயாளியின் வீட்டாரிடம் நர்ஸ் பேசுகிற குரல் அது. அந்தக் குரலில் அவள் தன்னைப் பற்றியே பேசுவதை அப்போதுதான் கேட்டேன்.

நானோ, பின் வளையத்தின் அழகைப் பற்றி எனக்குள்ளேயே வியந்துகொண்டிருந்தேன். அந்த வளையம் என் பழைய செருப்புப் பெட்டிக்குள் காகிதத்தில் சுற்றி இருந்தது. அவள் சர்ச்சுக்குப் பூ வாங்கப் போனால் எடுத்துப் பார்ப்பேன். அவளுக்குச் சேர வேண்டிய பெருமையை நான் ஒளித்துவைத்து, தனியாக அனுபவித்துக்கொண்டிருந்தேன். இதைவிடக் கேவலமாக ஒரு கணவன் இருக்க முடியுமா என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து. வரிசை வரிசையாகப் போய் முழங்காலிட்டு, அப்பத்தையும் சின்னஞ்சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் திராட்சரசத்தையும் வாங்க வேண்டும். கிண்ணம் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். எங்கள் வரிசை எழுந்தபோது அவள் எழவில்லை.

“நீங்க போங்க. சிந்திட்டா அசிங்கம்” என்று மெல்லச் சொன்னாள்.

கல்யாணமானதிலிருந்து நாங்கள் சேர்ந்து போகாத திருவிருந்து இல்லை. நான் போனேன். முழங்காலிட்டேன். சற்றுமுன் எல்லோரோடும் சேர்ந்து பாவ அறிக்கையைச் சத்தமாகச் சொல்லியிருந்தேன். கிண்ணத்தைப் போதகர் ஐயர் என் கையில் வைத்தார். அதைக் குடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். குடிக்காமல் எழுந்து வந்தேன் என்று எழுத ஆசை, ஆனால் குடித்தேன்.

ஆராதனை முடிந்ததும் எல்லோரும் வேப்பமரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கேட்டைத் தாண்டி வீட்டுப் பக்கம் நடந்தோம். பாதி வழியில் நின்று சொன்னேன்.

“பின் பேரிங்க நீ சரியாத்தான் போட்டிருந்த. நான்தான் எடுத்தேன். நீ சாப்பிடப் போனப்ப. மாத்தி வேற போட்டேன். அடச்சிட்டிருந்தது நான் போட்டது.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஸ்கூட்டரில் போன யாரோ வணக்கம் சொன்னார்கள். அவள் பதிலுக்குத் தலையசைத்தாள்.

“எடுத்தது எங்க?”

“வீட்லதான்.”

வீட்டுக்குப் போனதும் காகிதத்தைப் பிரித்துக் கொடுத்தேன். முதுகைக் காட்டி, அதில் பதிந்த வளையத்தைக் காட்டி, நடுவில் துளை இருப்பதைக் காட்டி, பாடம் எடுப்பதுபோல் விளக்க ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். ஜன்னலோரம் போய்த் தானே பார்த்தாள். விரலால் அந்த வளையத்தைத் தடவினாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. ஒரு மனுஷிக்குத் தன் கை திரும்பக் கிடைப்பதை அவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்க்க எனக்குத் தகுதியில்லாத காட்சி.

பிறகு அவள் கேட்டாள், “வேற என்னென்ன நான் செஞ்சதத் திருப்பிப் பாத்தீங்க?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

“சொல்லுங்க.”

சொன்னேன். அவள் படுத்த பிறகு கேஸ் அணைத்திருக்கிறதா என்று பார்ப்பதை. அவள் பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பதை. அவள் தைத்த பட்டனை மறுபடி தைத்ததை. அவள் ஓட்டும்போது என் கால் தானாகத் தரையை அழுத்துவதை. போன கிறிஸ்துமஸுக்கு அவள் எழுதிய வாழ்த்து அட்டைகளில் கோணலாக இருந்தவற்றை எடுத்துவிட்டு நானே எழுதிப் போட்டதை.

“எத்தன தடவ தப்பு இருந்துச்சு?”

யோசித்தேன். “கார்டு கோணலா இருந்துச்சு. வேற எதுவும் இல்ல.”

“கோணல் தப்பா?”

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வாரம் முழுவதும் தேவைக்கு மட்டும் பேசினாள். ஆனால் மறுநாள் காலையே அரிவாள்மணை எடுத்துவிட்டாள், மாத்திரைப் பெட்டியும் அவளிடமே போனது. சமையலறையில் கத்தி விழும் சத்தம் கேட்கும், எடுத்துக்கொள்ளும் சத்தமும் கேட்கும். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழாமல் இருப்பேன்.

பாய் எங்கிருந்தோ ஒரு பின் வளையம் வரவழைத்திருந்தார். இந்தமுறை வெள்ளிக்கிழமை இல்லை. பட்டறையில் எல்லோரும் இருந்தார்கள். அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன் என்று பாயிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் குறுக்கிட்டார். “பெட்டியத் தொறந்தப்பவே புரிஞ்சிச்சு சார். நான் சொல்லியிருந்தா அது வேற மாதிரி ஆயிருக்கும். நீங்க சொன்னீங்க, அது போதும்.” பிறகு அவளிடம் உரக்க, “சிஸ்டர், உருளைல புதுத் தோல் சுத்தி வெச்சிருக்கேன். பழசு சார் தொட்டு எண்ணெய்ல முங்கிடுச்சு, வடை சுடலாம் அதுல” என்றார். ஆட்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும்.

நான் போட்ட வளையத்தை அவளே அடித்து வெளியே தள்ளினாள். அதன் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். பதிந்த வளையம் துளையை விட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி விழுந்திருந்தது. குப்பை டப்பாவில் போட்டாள். கை கழுவினாள், கோடு இழுத்தாள், செருகினாள். கை ஆடியபோது மணிக்கட்டைப் பிளாக்கில் வைத்துக் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பை அந்த வெள்ளிக்கிழமை நான் தடுமாற்றம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது பார்க்கையில் அதுவும் வேலையின் ஒரு பகுதியாகவே இருந்தது. நடுக்கம் வரும், போகும்; அது போகும்வரை அவளுக்குக் காத்திருக்கத் தெரியும். நான்தான் காத்திருக்கத் தெரியாதவன். கடைசித் தட்டலில் பிளாக் ஒலித்தது.

அவள் சுத்தியலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. விளக்கு என் பக்கத்து மேஜையில்தான் இருந்தது. அதைத் தொடாமல் இருப்பது சுலபமாக இல்லை.

“பாக்கலயா?” என்றாள்.

“இல்ல. வேணாம்.”

“ஏன் வேணாம்? வந்து பாருங்க.” எரிச்சலோடு கூப்பிட்டாள். “தியேட்டர்ல தையல் போடறதுக்கு முன்ன பஞ்சு, துணி எல்லாத்தையும் ரெண்டு பேரு எண்ணுவோம். எவ்ளோ பெரிய கையா இருந்தாலும் எண்ணித்தான் ஆகணும். ஆனா ரெண்டாவது ஆளு ஒளிஞ்சு நின்னு எண்ண மாட்டா. பக்கத்துல நின்னு, வாய விட்டு எண்ணுவா.”

விளக்கை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய்க் குனிந்தேன். எங்கள் தலைகள் மோதிக்கொள்ளும் அளவுக்கு இடம் குறுகலாக இருந்தது. அவள் எண்ணெய்க் குப்பியை வழியில் வைத்து அழுத்தினாள்.

“சொல்லுங்க. இன்னா தெரியுது?”

“இன்னும் ஒண்ணும் இல்ல” என்றேன்.

அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள். கறுப்பாக இருந்த துளைக்குள் ஏதோ அசைந்தது. தேன் நிறத்தில் ஒரு புள்ளி எழுந்து, வளைந்து, துளையை முழுதாக நிறைத்து, விளக்கு வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொண்டு ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு உடைந்து, வெள்ளை உலோகத்தின் மேல் மெல்ல விரிந்தது.

“வருது” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. “முழுசா வருது.”